ஏகாம்பரத்தின் பாதி வாக்கியம்

எங்கள் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் நிவேதா குடியிருக்கிறாள். சொந்த ஊர் தேனிப் பக்கம். ஐ.டி. கம்பெனி ஒன்றில் எச்.ஆர். வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறாள். போன வாரம் இட்லி மாவு கேட்டு வந்தவள், "ஆன்ட்டி, இந்த அதிசயத்தைப் பாருங்களேன்" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். ஓர் ஊழியர் தன் குறையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் பேசப் பேச அது தானாகவே எழுதிக்கொண்டு போகிறது. அவருடைய திக்கல் திணறல், இழுவை, பாதியில் விட்ட பேச்சு எதுவும் அதில் இல்லை. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, அதனதன் இடத்தில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் உட்கார்ந்திருக்கின்றன.

"உங்க காலத்துல இதுக்கெல்லாம் என்ன ஆன்ட்டி பண்ணுவீங்க?"

"எங்க காலத்துல இந்த மிஷினே நான்தாண்டி" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் மாவை வாங்கிக்கொண்டு போனபிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. குழம்பு அடிப்பிடித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவளிடம் சிரித்துச் சொல்லிவிட்டதில் பாதிதான் இருக்கிறது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் தட்டச்சராக இருந்தேன். பெயர் வேண்டாம், அந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. லாரிகளுக்கும் பஸ்களுக்கும் தகட்டுச் சாமான்கள் அடித்துக் கொடுத்த கம்பெனி. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, தமிழ்ச் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, இருபத்திரண்டு வயதில் பர்சனல் டிபார்ட்மென்டில் போய் உட்கார்ந்தேன். படித்த கதை அவ்வளவுதான்.

காலைச் சங்குக்கு முன்னால் எஸ்டேட் ரோட்டில் சைக்கிள் மணியைத் தவிர வேறொன்றும் கேட்காது. பாடியிலிருந்து, கொரட்டூரிலிருந்து, வானகரம் பக்கத்திலிருந்து ஹேண்டில்பாரில் டிபன் கேரியர் தொங்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் மிஷின்கள் ஓடத் தொடங்கினால் என் மேஜைமேல் இருக்கும் டம்ளரில் தண்ணீர் நடுங்கும். எட்டு மணி நேரமும் அந்த நடுக்கம் உண்டு. இன்றைக்கும் அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு மத்தியானத் தூக்கம் சரியாக வருவதில்லை. சிரிக்காதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் பர்சனல் ஆபீசர் தணிகாசலம் சார். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவார். வெள்ளைச் சட்டை, மெல்லிசாக விபூதி, வலது கையில் பெரிய பவள மோதிரம். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். அவர் கிசுகிசுப்பாகப் பேச ஆரம்பித்தால் ஆபீசே எழுந்து நிற்கும்.

தொழிலாளர்களின் வாக்குமூலத்தை எழுதுவதுதான் என் முக்கிய வேலை. தாமதமாக வந்தவர், கேன்டீனில் சண்டை போட்டவர், மிஷினை உடைத்தவர் என்று யாராவது வாரம் ஒருவர் வந்து சார் எதிரில் நிற்பார். சார் கேட்பார், அவர் பதில் சொல்வார், நான் சுருக்கெழுத்தில் எடுப்பேன். சாயங்காலத்துக்குள் கார்பன் வைத்து மூன்று பிரதி தட்டி, மறுநாள் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. பக்கத்தின் அடியில் காலியிடம் இருந்தால் குறுக்கே கோடு. ஓர் எழுத்தை அடித்துத் திருத்தினாலும் பக்கத்தில் இரண்டு பேர் சுருக்கொப்பம். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன, சரியென ஒப்புக்கொள்கிறேன்.'

ஆனால் மனிதர்கள் வாக்கியத்திலா பேசுகிறார்கள்? "லேட்டுதான் சார். பஸ்ஸு. அம்மாவுக்கு வேற..." என்று ஒருவர் தலையைச் சொறிவார். அதை நான், 'நான் தாமதமாக வந்தது உண்மை. பேருந்து கிடைக்கவில்லை. மேலும், என் தாயாருக்கு உடல்நலம் சரியில்லை' என்று ஆக்குவேன். இன்னொருவர் நேரெதிர். கேன்டீன் சண்டையைப் பற்றிக் கேட்டால், "நான் தட்ட எடுத்துகினு போய்கினு கீறேனா, இவன் சாம்பார் வாளிய தூக்கிகினு வந்துகினு, என்னாண்ட மொறச்சிகினு..." என்று மூச்சே விடாமல் போவார். அதை ஏழு முற்றுப்புள்ளி வைத்து வெட்டினேன். கையெழுத்துப் போட வந்தபோது அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "யக்கா, நானா இப்டி பேசினேன்? கலெக்டர் கணக்கா கீதே!" என்று பக்கத்திலிருந்தவருக்கெல்லாம் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரஸ் ஷாப் முழுக்க எனக்கு அக்கா என்றே பெயர். சுலோச்சனா என்று ஒருத்தி இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

தட்டியதை சார் வாய்விட்டுப் படிப்பார். முற்றுப்புள்ளி வரும் இடத்தில் மோதிரத்தால் மேஜையில் ஒரு தட்டு. கொஞ்ச நேரம் தட்டு விழாவிட்டால் நிறுத்திவிட்டு, "எங்கேம்மா, எனக்கு மூச்சு வாங்குது" என்பார். அவர் என்னிடம் மன்னிக்காதது ஒன்றே ஒன்று, மூன்று புள்ளி. பேச்சு பாதியில் நின்றதைக் காட்ட ஆரம்பத்தில் நான் அப்படி வைத்தேன். அதன்மேல் பென்சிலை வைத்து, கிசுகிசுவென்று சொன்னார்:

"சுலோச்சனா, இந்த மூணு புள்ளிய லேபர் கோர்ட்டுல வக்கீல் பார்த்தான்னா மூணு மாசம் கேள்வி கேப்பான். பாதி வாக்கியத்த ஒண்ணு முடி. முடிக்க முடியலையா, எடுத்துடு. இழுபறியா எதுவும் என் ஃபைல்ல இருக்கக் கூடாது."

நல்ல விதி என்றுதான் எனக்கும் பட்டது. பதினெட்டு வருஷம் அப்படியே செய்தேன்.

ஏகாம்பரம் நூம்பல்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் சங்குக்குப் போய்ச் சங்குக்கு வந்த முதல் ஆள் அவர்தான். வேலப்பஞ்சாவடி, வானகரம் வழியாக சைக்கிளில் வருவார். முப்பது வயது இருக்கும். வேலை நிரந்தரமான அன்று பிரஸ் ஷாப்புக்கும் ஆபீசுக்கும் சேர்த்து லட்டு கொடுத்தார். என்னிடம் இரண்டு லட்டு நீட்டி, "ஊட்டுக்கும் ஒண்ணு எத்துகினு போக்கா" என்றது நினைவிருக்கிறது.

அவர் ஓட்டியது பெரிய பிரஸ். அந்த மிஷினில் இரண்டு பொத்தான் உண்டு. இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். கை இரண்டும் பொத்தான்மேல் இருந்தால் உள்ளே மாட்டாது, அதற்காகவே அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி அழுத்தினால் வேலை மெதுவாக நடக்கும். அன்றைய டார்கெட் முடியாது. அதனால் ஆட்கள் சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி ஒரு பொத்தானை இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஒரு கையால் தகட்டை வைத்து, மறு கையால் அழுத்தலாம். ஷிப்ட் முடிந்ததும் டியூபை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். எல்லாருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டார்கள்.

ஒரு நாள் ஏகாம்பரம் அவிழ்க்க மறந்துவிட்டார். அடுத்த ஷிப்டில் வந்த தாஸ் என்பவர், டியூப் கட்டியிருப்பதைக் கவனிக்காமல் தகட்டை நேராக்க இடது கையை உள்ளே விட்டார். வலது கை பொத்தான்மேல் பட்டது. என் மேஜையில் டம்ளர் தண்ணீர் சட்டென்று அசைவற்று நின்றது. பிறகு அலறல் கேட்டது. தாஸுக்கு இரண்டு விரல் போயிற்று.

ஏகாம்பரத்தை சஸ்பெண்ட் செய்து மூன்றாம் நாள் விசாரணை வைத்தார்கள். துணைக்கு ஒரு சக தொழிலாளியை அழைத்துக்கொள்ளலாம் என்று சார் சொன்னார். "வேணாம் சார். அக்காதானே எழுதுது, போதும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு பென்சிலைச் சீவினேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம், நிர்வாகத் தரப்பு சாட்சியாகப் பிரஸ் ஷாப் ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தார். கனத்த மனிதர். யாரிடமும் சத்தம் போட மாட்டார், ஆனால் அவர் நினைத்தால் யாருக்கு எந்த மிஷின், யாருக்கு எந்த ஷிப்ட் என்பதெல்லாம் மாறும். எங்கள் டிபார்ட்மென்ட் ஆட்களைப் பற்றியும் மேலே போய்ச் சொல்லக்கூடிய செல்வாக்கு அவருக்கு இருந்தது.

"டியூப் கட்டினது யார்?" என்று சார் கேட்டார்.

"நான்தான் சார் கட்டினேன்." அழுதுவிட்டார். "தாஸு எனுக்கு தம்பி மாதிரி சார். என் கையால... அவுக்கணும்னு நெனச்சுகினேதான் இருந்தேன், சங்கு ஊதிச்சு, ஊட்ல கொழந்திக்கு ஜொரம்னு ஓடிட்டேன்."

"கட்டக் கூடாதுன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா ஃபோர்மேன் சார் கூட அன்னிக்கு..."

ஃபோர்மேன் தன் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரை மெதுவாக மேஜையின் குறுக்கே தள்ளினார். "அழாத ஏகாம்பரம். மொதல்ல தண்ணியக் குடி" என்றார். ரொம்பப் பிரியமான குரல். ஏகாம்பரம் டம்ளரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், குடித்தார். குடித்துவிட்டு, "தப்புதான் சார்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.

என் குறிப்பு நோட்டில் அந்தப் பாதி வாக்கியம் இருந்தது. அன்று மாலை தட்டும்போது அந்த இடத்துக்கு வந்தேன். முடிக்க முடியாது, அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்கெப்படித் தெரியும்? விதிப்படி எடுத்துவிட்டேன். 'கட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். நான் செய்தது தவறு.' இரண்டு முற்றுப்புள்ளி. சார் படித்தார், மோதிரம் இரண்டு முறை தட்டியது.

மறுநாள் கையெழுத்து வாங்கும்போது, "படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டேன். "நீ எழுதினா செரியாத்தான்க்கா இருக்கும்" என்று சொல்லி மூன்று பிரதியிலும் போட்டார். படித்துக் காட்டப்பட்டது என்ற வரி கீழே ஏற்கெனவே தட்டியாகிவிட்டது. அதற்கும் அடியில் கையெழுத்து விழுந்தது.

பத்து நாள் கழித்து வேலைநீக்க உத்தரவை சார் சொல்லச் சொல்ல எடுத்துவந்து தட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வாக்கியம்: 'இச்செயல் மேலதிகாரிகள் எவருக்கும் தெரிந்து நடந்ததாகத் தாங்கள் தங்கள் வாக்குமூலத்தில் எங்கும் கூறவில்லை.' கூறவில்லை என்று தட்டும்போது என் விரல் நின்றுவிட்டது. கூற ஆரம்பித்தாரே! நான்தானே எடுத்தேன்! பாத்ரூம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மறுபடி தட்ட உட்கார்ந்தேன். முடியவில்லை. இரண்டு லட்டோடு நீண்ட கைதான் கண்ணுக்குள் நின்றது. நோட்டை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

சாருக்குச் சுருக்கெழுத்து தெரியாது. "படி" என்றார். படித்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல சார். ஃபோர்மேன் தண்ணி குடுத்தார். அவர் குடிச்சார்."

"இது வாக்கியமே இல்லையேம்மா."

"இல்ல சார். ஆனா அவர் சொன்னது."

குரல் இறங்கியது. "கையெழுத்தான பேப்பர். இப்ப இதைச் சேர்க்கணும்னா எப்படி விட்டுப்போச்சுன்னு எழுதணும். யார் எடுத்ததுன்னு வரும். மெமோ உனக்கு. பதினெட்டு வருஷ சர்வீஸ்ல முத மெமோ. தெரிஞ்சுதான் வந்தியா?"

"குடுங்க சார்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் தைரியம்.

சார் எழுந்து என் மேஜைக்கு வந்து, டைப்ரைட்டரில் இருந்த உத்தரவைத் தானே உருவி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மெமோவை அன்றே எனக்குச் சொல்லி எழுதவைத்தார். 'வாக்குமூலத்திலிருந்து சொற்களை நீக்கியதற்காக' என்று என் பெயர். அதற்கடியில், 'அவ்வாறு நீக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் என்ற முறையில்' என்று தன் பெயரையும் போட்டுக்கொண்டார். என் மெமோவை நானே பிழையில்லாமல் தட்டினேன். மனிதர் என்றால் அவர்தான் மனிதர். இதை அவர் இருந்தபோது நான் அவரிடம் சொன்னதில்லை.

வேலப்பஞ்சாவடியிலிருந்து வரும் ஒரு டர்னரிடம் சொல்லியனுப்பி ஏகாம்பரத்தை வரவழைத்தோம். இந்த முறை ஃபோர்மேன் அறையில் இல்லை. ஏகாம்பரமும் தனியாக வரவில்லை; தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். சார் பழைய கேள்வியை மறுபடி கேட்டார். நான் நோட்டிலிருந்து அந்தப் பாதியைப் படித்தேன்.

"இதை முடிக்கணும்னு கட்டாயமில்லை. முடிக்க இஷ்டமிருந்தா முடி" என்றார் சார்.

ஏகாம்பரம் சங்கத்துக்காரரைப் பார்த்தார். பிறகு நேராக சாரையே பார்த்துச் சொன்னார்: "ஃபோர்மேன் சார் கூட அன்னிக்கு மிஷினாண்ட வந்தாரு சார். டியூப்ப பார்த்தாரு. 'இன்னாடா லூசா கீது, அவுந்துக்கப் போவுது, நல்லா இஸ்து கட்டு'ன்னாரு. நான் இஸ்து கட்டினேன்."

சார் கையில் மோதிரம் இருந்தது. அவர் தட்டவில்லை. நான் ஓர் எழுத்து மாற்றாமல், கீது, இஸ்து எல்லாவற்றோடும் அப்படியே தட்டினேன். பிறகு முழுவதும் படித்துக் காட்டினேன். "இன்னொரு தபா படிக்கா" என்றார் ஏகாம்பரம். படித்தேன். சங்கத்துக்காரர் வாங்கி ஒரு முறை படித்தார். அதற்குப் பிறகுதான் ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாத சஸ்பென்ஷனோடு ஏகாம்பரத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஃபோர்மேனை ஸ்டோர்சுக்கு மாற்றினார்கள். பொத்தான்களுக்கெல்லாம் டியூப் கட்ட முடியாதபடி இரும்பு மூடி வந்தது. தாஸ் கேட்டில் உட்கார்ந்து பாஸ் பார்க்கும் வேலைக்குப் போனார். அவருடைய விரலுக்கு யாரும் எந்தத் திருத்தமும் செய்ய முடியவில்லை. எங்கள் ஆபீசில் அன்றிலிருந்து பாதி வாக்கியம் பாதியாகவே ஃபைலுக்குப் போயிற்று.

அந்த இரண்டாவது கையெழுத்து ஆன அன்றே, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நான் போனபோது ஏகாம்பரம் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்தார்.

"எல்லாத்தையும் எழுதினியேக்கா. அத மட்டும் ஏன் உட்ட?"

"வாக்கியம் முடியலையேப்பா. முடியாததை எடுத்துடணும்னு விதி" என்றேன்.

சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டார். "செரி மேடம்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பொய் சொல்லவில்லை நான். விதி இருந்தது. ஆனால் அன்று அந்தப் பாதியை நோட்டில் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, தண்ணீர் டம்ளரைத் தள்ளிய அந்தக் கையை நான் பார்த்தேன். அந்தக் கை மேலே போய் என்ன சொல்லும் என்று யோசித்தேன். சாயங்காலம் தட்டும்போது விதி நினைவுக்கு வந்தது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இதை மெமோவில் யாரும் எழுதவில்லை. நானும் எழுதவைக்கவில்லை.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தோம். ஏகாம்பரம் மரியாதையில் ஒரு குறை வைத்ததில்லை. பொங்கலுக்கு வணக்கம், பிள்ளை பாஸ் செய்தால் ஸ்வீட். பிரஸ் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட என்னை அக்கா என்றார்கள். டெஸ்பாட்சில் இருந்த பெண்ணை அவர் அக்கா என்றார். கேன்டீனில் பரிமாறியவளை அக்கா என்றார். என்னை மட்டும் மேடம். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று குத்தும். சார் ரிடையர் ஆகிப் போனார், டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, நான் மேடமாகவே இருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற நாளில் கேன்டீனில் கூட்டம் வைத்து மாலை போட்டார்கள். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். ஏகாம்பரம் கடைசியாக வந்தார். மீசை பாதி நரைத்திருந்தது. "ஒடம்ப பார்த்துக்கோங்க மேடம்" என்றார்.

இனி எங்கே பார்க்கப் போகிறேன் என்று தோன்றியது. சுற்றி யாரும் இல்லை. "ஏகாம்பரம், அன்னிக்கு அதை நான் விதிக்காக எடுக்கலை. ஃபோர்மேனைப் பார்த்துப் பயந்துட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அது அன்னிக்கே தெரியும் மேடம்" என்றார். "எப்பனா சொல்வீங்களான்னுதான் பார்த்துகினு இருந்தேன்."

பிறகு மாலைப் பையையும் சால்வையையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ஆட்டோ வரை கூடவே நடந்து வந்தார்.